ஒரு பிடி மணலில் எத்தனை உயிர், எத்தனை இனம்?

கடற்கரை மணலைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. "வெறும் மணல்தானே, அதுக்குள்ள என்ன கிடக்கு?" என்பது ஒன்று. "ஒரு பிடி மண்ணில் கோடி உயிர்" என்பது மற்றது. முதலாவது பிழை. இரண்டாவதில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்பவர்கள் பற்றீரியாவையும் விலங்கையும் ஒன்றாகக் கூட்டி, அந்தத் தொகையையே "உயிர்ப் பல்வகைமை" என்று எழுதிவிடுகிறார்கள். பாடசாலைச் செயற்றிட்டங்களில் இதைக் காணலாம். கரையோரத் திட்டங்களுக்காக எழுதப்படும் சூழல் அறிக்கைகளிலும் காணலாம்.

இந்தக் கட்டுரை பற்றீரியாவைப் பற்றியது அல்ல. கடலடி மணலிலும் வாவிச் சேற்றிலும் வாழும், கண்ணுக்கு எட்டாத முள்ளந்தண்டிலி விலங்குகளைப் பற்றியது. வாய், குடல், தசை, நரம்பு, முட்டை எல்லாம் உள்ள முழு விலங்குகள் இவை. எத்தனை விலங்கு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எத்தனை வகை இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கிறோம்.

வலைக்கண் தீர்மானிக்கும் கூட்டம்

கிழக்கிலங்கையின் கல்லடியிலோ திருக்கோவிலிலோ கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வலையின் மடியில் என்ன விழும் என்பதைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, வலைக்கண்ணும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பெரிய கண் வலையில் நெத்தலி நிற்காது. அதை வைத்து "இந்தக் கடலில் நெத்தலி இல்லை" என்று யாரும் சொல்வதில்லை.

கடலடி விலங்குகளையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். வலைக்குப் பதிலாக உலோகக் கம்பி வலை பூட்டிய சல்லடைகள். 1 மில்லிமீற்றர் கண் உள்ள சல்லடையால் கீழே இறங்கி, 45 மைக்ரோமீற்றர் கண் உள்ள சல்லடையில் தங்கிவிடும் விலங்குகளுக்கு மெயோபோனா என்று பெயர். ஒரு மைக்ரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே கீழ்ச் சல்லடையின் கண் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கைவிடவும் சிறியது. இந்தப் பெயரை 1942 இல் இங்கிலாந்தில் மொலி மேர் என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது, மெயோபோனா ஓர் உறவுக் குடும்பம் அல்ல என்பது. அளவை வைத்து அள்ளிய கலவை அது. புழுவும் இருக்கும், இறாலின் தூரத்து உறவுகளும் இருக்கும், நாளைக்கு மட்டியாக வளரப்போகும் குஞ்சும் இருக்கும். வாழ்நாள் முழுவதும் இந்த அளவிலேயே இருப்பவை நிரந்தர மெயோபோனா. வளர்ந்து சல்லடையைவிடப் பெரிதாகிப் போகும் குஞ்சுகள் தற்காலிக மெயோபோனா.

எல்லா ஆய்வாளரும் ஒரே சல்லடையைப் பாவிப்பதில்லை. மேலே 500 மைக்ரோமீற்றர், கீழே 63 மைக்ரோமீற்றர் என்று வைப்பவர்கள் உண்டு. ஆழ்கடல் ஆய்வில் கீழே 32 வரை இறங்குவார்கள். 63 இல் நிறுத்தினால் மெல்லிய புழுக்களில் ஒரு பகுதி வழுவிப் போகும். சல்லடைக் கண்ணின் அளவு எழுதப்படாத எண்ணிக்கையை வேறோர் எண்ணிக்கையுடன் ஒப்பிட வழியில்லை.

இதுவரை: மெயோபோனா என்பது அளவால் வகுத்த கூட்டம், வம்சத்தால் வகுத்தது அல்ல. அதன் எல்லையைச் சல்லடை போடுகிறது.

அந்தக் கூட்டத்தில் யார் யார்

பெரும்பாலான இடங்களில் முதலிடம் நெமற்றோடுகளுக்கு. வட்டப்புழு என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தக் கணம் (விலங்குலகின் பெரும் பிரிவு)தான். குடலில் வாழும் ஒட்டுண்ணிகளை மட்டும் வைத்து நெமற்றோடா முழுவதையும் நோயோடு சேர்த்துவிடுகிறோம். கடலடியில் இருப்பவை சுயாதீனமாக வாழ்பவை. நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரை, அகலம் சில பத்து மைக்ரோமீற்றர். மொத்த விலங்குகளில் பாதிக்கு மேல் இவையாகவே இருப்பது சாதாரணம். சேற்றில் பத்தில் ஒன்பது பங்குகூட வரும். எவ்வளவு சிறிய உடலில் ஒரு முழு விலங்கு அடங்கும் என்பதற்கு, தரை மண்ணில் வாழும் சீனோரப்டிட்டிஸ் எலகன்ஸ் என்ற நெமற்றோடு நல்ல உதாரணம். வளர்ந்த இருபாலி ஒன்றின் உடலில் இருப்பவை 959 உடற்கலங்கள் மட்டுமே.

அடுத்த இடம் வழக்கமாகக் கோப்பிபொட்டுகளுக்கு. இறால், நண்டு வம்சத்தின் மிகச் சிறிய உறவினர்கள். மண்ணில் ஊர்ந்து வாழும் வகைக்கு ஹார்பக்டிகொயிட் என்று பெயர். பெண் விலங்கு முட்டைப் பையைச் சுமந்து திரிவதால் அதை இனங்காண்பது சுலபம். மீன் குஞ்சுகளுக்கு மெயோபோனாவிலேயே மிகவும் பிடித்த தீனி இதுதான். வாவி ஓரத்துக் கண்டல் அடியிலும் கடற்புல்லிலும் மேயும் சிறு குஞ்சுகளின் வயிற்றை நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர்கள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான்.

இவற்றோடு தட்டைப் புழுக்கள், சிறு வளையப் புழுக்கள், இரு ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒஸ்ட்ரகொட்டுகள், கடல் உண்ணிகள், எட்டுக் கால் நீர்க்கரடிகள், வயிற்றுப் பக்கத்தில் பிசிர்களால் வழுக்கிச் செல்லும் காஸ்ட்ரோட்ரிக்குகள், முள் வளையம் சூழ்ந்த தலையை உள்ளே இழுத்து வெளியே தள்ளி நகரும் கைனோரிங்குகள். லோரிசிபெரா என்ற கணம் முழுவதுமே 1983 இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. டென்மார்க்கைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் அதை விபரித்தார். ஓர் இனம் புதிதாகக் கிடைப்பது நடப்பதுதான். ஒரு கணமே இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை மணலுக்குள் ஒளிந்திருந்தது என்பது வேறு விடயம்.

கணம் என்பது விலங்குலகின் மிகப் பெரிய பிரிவு. மீனும் குருவியும் மாடும் மனிதனும் ஒரே கணத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். உலகில் அறியப்பட்ட விலங்குக் கணங்கள் முப்பதுக்குச் சற்று மேல். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்கு மெயோபோனாவில் ஆள் உண்டு.

போராமினிபெரா என்ற ஓட்டு உயிர்களும் இதே சல்லடையில் தங்கும். அவை ஒரே கலத்தால் ஆனவை, ஆகவே விலங்குகள் அல்ல. சிலர் சேர்த்து எண்ணுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டு அறிக்கைகளின் தொகை ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மணலில் இடைவெளி, சேற்றில் நெரிசல்

கல்லடிக் கடற்கரையின் திறந்த மணலும், பாசிக்குடாவின் அமைதியான ஆழமற்ற குடாவும், மட்டக்களப்பு வாவியின் கண்டல் ஓரத்துச் சேறும் சில மணி நேரத்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. மெயோபோனாவுக்கு அவை வெவ்வேறு உலகங்கள். காரணம் மணிகளின் பருமன்.

மணல் மணிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் நடுவில் நீர் நிறைந்த வெளி இருக்கும். அந்த வெளிக்குள்ளேயே, மணிகளை அசைக்காமல், வாழ்பவை இடைவெளி விலங்குகள். இவற்றின் உடல் நீண்டு மெலிந்திருக்கும், ஒட்டும் சுரப்பிகளும் இருக்கும். காஸ்ட்ரோட்ரிக் போன்றவற்றில் ஒரு சுரப்பி பசையை விடும், பக்கத்துச் சுரப்பி அந்தப் பசையைக் கழற்றும் பொருளை விடும். அலை வந்து மணலைக் கிளறும்போது ஒட்டிக்கொள்ளவும், அடுத்த நொடி விட்டு நகரவும் இது வேண்டும்.

மணிகள் சிறுக்கச் சிறுக்க வெளியும் சிறுக்கும். மணியின் நடு அளவு ஏறத்தாழ 125 மைக்ரோமீற்றருக்குக் கீழே போனால் இடைவெளி விலங்குகளுக்கு இடமில்லை. அங்கே சேற்றைத் தள்ளி வழி உண்டாக்கும் துளைப்பவர்கள் ஆட்சி செய்வார்கள்.

இரண்டாவது காரணி ஒட்சிசன். திறந்த கரையில் அலை ஒவ்வொன்றும் மணலுக்குள் புது நீரைத் தள்ளுவதால் ஒட்சிசன் பல சென்ரிமீற்றர் ஆழம் வரை போகும். சேற்றில் நீர் நகராது. பற்றீரியாக்கள் ஒட்சிசனை முடித்துவிடுவதால் சில மில்லிமீற்றருக்குக் கீழேயே அது தீர்ந்துபோகும். கண்டல் ஓரத்தில் காலை வைத்தால் மேலே மெல்லிய பழுப்புப் படையும் கீழே கறுத்த சேறும் தெரியும், கூழ் முட்டை நாற்றமும் வரும். கறுப்பு நிறம் இரும்புச் சல்பைட்டினால், நாற்றம் ஐதரசன் சல்பைட்டினால். சேற்றில் பெரும்பாலான விலங்குகள் மேல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் நெருங்கி இருப்பது இதனால்தான். கோப்பிபொட்டுகள் ஒட்சிசன் குறைவைத் தாங்கமாட்டா. நெமற்றோடுகளில் சில இனங்கள் நன்றாகத் தாங்கும்.

இதுவரை: மணியின் பருமன் வெளியைத் தீர்மானிக்கிறது, வெளி நீரோட்டத்தையும் ஒட்சிசனையும் தீர்மானிக்கிறது. யார் வாழலாம் என்பது அதற்குப் பிறகு வருகிறது.

தொகை ஒன்று, வகை இன்னொன்று

10 சதுர சென்ரிமீற்றர் பரப்பிலிருந்து எடுத்த ஒரு மாதிரியில் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை விலங்குகள் கிடைப்பது வழமை. ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்து இலட்சம். இந்த எண்ணுக்கு அடர்த்தி என்று பெயர். இது பல்வகைமை அல்ல.

மறுபடியும் கரைவலைக்கு வருவோம். ஒரு மடியில் 500 கிலோ, அத்தனையும் சூடை. இன்னொரு மடியில் 40 கிலோதான், ஆனால் காரல், பாரை, கும்பளா, வாளை, கணவாய், நண்டு என்று கலந்து கிடக்கிறது. எது நிறைந்த மடி, எது பல வகை நிறைந்த மடி என்று மீனவரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

பல்வகைமைக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு. எத்தனை இனம் இருக்கிறது என்பது இனச் செழுமை. அந்த இனங்களுக்குள் விலங்குகள் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளன என்பது சமநிலை. இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

அ, ஆ என்று இரண்டு இடங்கள். இரண்டிலும் 100 நெமற்றோடுகள், இரண்டிலும் 5 இனங்கள். அ இல் ஓர் இனத்துக்கு 92, மற்ற நான்குக்கும் 2 வீதம். ஆ இல் ஒவ்வோர் இனத்துக்கும் 20. தொகை ஒன்று, இன எண்ணிக்கையும் ஒன்று. ஆனாலும் இரண்டு சமுதாயங்களும் ஒன்றல்ல.

ஒவ்வோர் இனத்தின் பங்கையும் தசமத்தில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அ இல் 0.92 × 0.92 = 0.8464. மற்ற நான்கும் 0.02 × 0.02 = 0.0004 வீதம், மொத்தம் 0.0016. கூட்டினால் 0.848. ஒன்றை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 1.18. ஆ இல் 0.2 × 0.2 = 0.04, ஐந்து தடவை 0.20. ஒன்றை 0.20 ஆல் வகுத்தால் 5. இந்த விடைக்குப் பயனுறு இன எண்ணிக்கை என்று பெயர். அ இல் ஐந்து இனங்கள் பெயருக்கு இருந்தாலும் நடைமுறையில் ஓர் இனத்தின் ஆட்சிதான். ஆ இல் ஐந்தும் ஐந்தாகவே இருக்கின்றன.

இன்னொரு பொறி மாதிரியின் பருமன். ஓரிடத்தில் 40 புழு பார்த்து 12 இனம், இன்னோரிடத்தில் 400 புழு பார்த்து 20 இனம் என்றால், இரண்டாவது இடம் அதிகப் பல்வகைமை உடையது என்று சொல்ல முடியாது. அதிகம் பார்த்தால் அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான். 400 இலிருந்து குருட்டாம்போக்கில் 40 ஐ எடுத்தால் எத்தனை இனம் வரும் என்று கணித்து, அந்த எண்ணை 12 உடன் ஒப்பிட வேண்டும். இதைச் சம அளவாக்கல் எனலாம். கணினியில் இலவச மென்பொருளிலேயே செய்துவிடலாம். செய்யாமல் எழுதிய ஒப்பீட்டை நம்பவேண்டாம்.

எந்த மட்டத்தில் எண்ணினோம் என்பதும் பார்க்கவேண்டியது. "8 வகை கிடைத்தது" என்று ஓர் அறிக்கை சொன்னால், பெரும்பாலும் அது எட்டுப் பெரும் பிரிவு. நெமற்றோடு என்ற ஒரே வரிக்குள் சில பத்து இனங்கள் ஒளிந்திருக்கக்கூடும்.

சிறிய இடத்தில் இத்தனை இனம் எப்படி?

கைவிரல் அளவு சேற்றில் இருபது முப்பது நெமற்றோடு இனங்கள் சேர்ந்து வாழ்வது எப்படி? முதல் விடை வாயில் இருக்கிறது. 1953 இல் வூல்ப்காங் வீசர் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் கடல் நெமற்றோடுகளை வாயறையை வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்தார். வாயறை இல்லாதவை அல்லது மிக ஒடுங்கியவை பற்றீரியா போன்ற மிகச் சிறியதை உறிஞ்சும். அகன்ற, பல்லில்லாத வாய் உள்ளவை சற்றுப் பெரிய துணிக்கைகளை விழுங்கும். சிறு பல் உள்ளவை மணியில் ஒட்டியிருக்கும் தயற்றங்களைச் சுரண்டும், அல்லது குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும். தயற்றம் என்பது சிலிக்கா ஓடு உள்ள ஒருகல அல்கா. பெரிய வாயறையும் வலிய பல்லும் உள்ளவை மற்ற விலங்குகளையே பிடித்துத் தின்னும். ஒரே இடம், ஆனால் தீனி வேறு.

இரண்டாவது விடை படை. மேல் அரைச் சென்ரிமீற்றரில் வாழும் இனமும் நான்கு சென்ரிமீற்றர் கீழே வாழும் இனமும் சந்திப்பதே குறைவு. மூன்றாவது, கிடைத்தளத்திலும் நிலைமை ஒரே மாதிரி இல்லை. நண்டு வளை ஒன்று ஒட்சிசனைக் கீழே கொண்டுபோகும். அழுகிய இலை ஒன்று பற்றீரியாவைக் குவிக்கும். சில சென்ரிமீற்றர் தள்ளினால் கூட்டமே மாறிவிடும்.

இவை பெரும்பாலும் நீந்தித் திரியும் குடம்பிகளை விடுவதில்லை. உடல் சிறிது, ஆகவே ஒரு தடவை இடும் முட்டைகளும் சிலவே. அப்படியிருந்தும் ஒரே இனம் என்று கருதப்பட்டவை தூரத்துக் கரைகளிலும் கிடைக்கின்றன. அலையும் நீரோட்டமும் மண்ணோடு தூக்கிச் செல்வது ஒரு விளக்கம். உருவத்தில் ஒன்றாகத் தெரிபவை மரபணுவில் வெவ்வேறு இனங்களாக இருப்பது இன்னொன்று. இரண்டும் நடக்கின்றன.

மாதிரி எடுத்துப் பிரிக்கும் முறை

பல்கலைக்கழக மாணவரும் உயர்தர மாணவரும் செய்யக்கூடிய முறை இது. கடைசிக் கட்டம் தவிர விலையுயர்ந்த கருவி வேண்டாம், சல்லடை ஒன்றுதான் செலவு.

குழாய். உள்விட்டம் 3.6 சென்ரிமீற்றர் உள்ள பிளாஸ்ரிக் குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 10 சதுர சென்ரிமீற்றர். இல்லாவிட்டால் 60 மில்லிலீற்றர் சிறிஞ்சின் நுனியை வெட்டிப் பாவிக்கலாம். உள்விட்டத்தை அளந்து 3.14 × ஆரை × ஆரை என்று பரப்பைக் கணியுங்கள். 2.8 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 6.15 சதுர சென்ரிமீற்றர், ஆகவே கிடைத்த எண்ணை 1.62 ஆல் பெருக்கினால் 10 சதுர சென்ரிமீற்றருக்கு வரும். குழாயின் வெளி விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துக் கூராக்குங்கள்.

எடுத்தல். சிறிஞ்சு என்றால் முசலத்தை (உள்ளே தள்ளும் தண்டை) மண்ணின் மேற்பரப்பில் அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் மெதுவாக அழுத்த வேண்டும். வெறும் குழாயை வேகமாகக் குத்தினால் உள்ளே மண் அமுங்கி, 5 சென்ரிமீற்றர் என்று நினைத்தது 3 ஆக நிற்கும். மேற்படையில் இருந்த விலங்குகள் ஓரத்தால் தள்ளுப்பட்டும் போகும். சேற்றில் 5 சென்ரிமீற்றர் போதும், திறந்த மணலில் 10 அல்லது அதற்கு மேல். ஓரிடத்தில் குறைந்தது மூன்று மாதிரிகள், ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் அளவு தள்ளி. கூட்டங்கள் திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரே மாதிரி எதையும் நிரூபிக்காது. காலடி பட்ட இடத்தில் எடுக்கவேண்டாம்.

பதப்படுத்தல். கடையில் கிடைக்கும் செறிந்த போமலின் ஒரு பங்கு, வடித்த கடல்நீர் ஒன்பது பங்கு. ஒரு சிட்டிகை வெண்காரம் சேர்க்காவிட்டால் போமலின் அமிலமாகி ஒஸ்ட்ரகொட் ஓட்டையும் மட்டிக் குஞ்சின் ஓட்டையும் கரைத்துவிடும். மண்ணின் கனவளவைப்போல் இரு மடங்கு கரைசல் ஊற்றுங்கள். மண்ணுக்குள் ஏற்கெனவே உள்ள நீர் கரைசலை ஐதாக்கும். சேற்று மாதிரிகள் அழுகிப்போவது பெரும்பாலும் இதை மறப்பதால். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள். போமலின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில், பெரியவர் பொறுப்பில் மட்டும். பாடசாலையில் போமலின் இல்லாமல் உயிரோடு பார்ப்பதே நல்லது, அதில் ரசிக்கவும் நிறைய இருக்கிறது.

சாயம். றோஸ் பெங்கால் சாயம் லீற்றருக்கு அரைக் கிராம் அளவில் சேர்த்து ஓரிரு நாள் வைத்தால் விலங்குகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். இலைத்துண்டும் ஓரளவு சிவக்கும், ஆகவே சிவப்பெல்லாம் விலங்கு என்று எண்ணவேண்டாம்.

பிரித்தல். மணல் என்றால் மாதிரியை ஒரு லீற்றர் உருளைச் சாடியில் போட்டு நீர் நிரப்பி, வாயை மூடி இரண்டு மூன்று தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பத்து இருபது செக்கன் விட்டால் மணல் அடியில் இறங்கிவிடும், விலங்குகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். அந்த நீரை 1 மில்லிமீற்றர் சல்லடையின் கீழ் 45 மைக்ரோமீற்றர் சல்லடையை வைத்து ஊற்றுங்கள். ஐந்து தொடக்கம் பத்துத் தடவை. கடைசித் தடவையில் கிடைத்ததைத் தனியாகப் பார்த்து, விலங்கு இன்னும் வந்தால் தொடருங்கள். கழுவும் நீரையும் முதலில் 45 சல்லடையால் வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்நீரிலோ கடல்நீரிலோ வந்த மிதவைகளை மணலின் விலங்குகள் என்று எண்ணிவிடுவோம்.

சேற்றுக்கு இந்த முறை உதவாது, சேறும் சேர்ந்து மிதக்கும். முதலில் 45 சல்லடையில் நன்றாக நீர் விட்டுக் கழுவி, மிச்சத்தை லுடொக்ஸ் என்ற கூழ்ச் சிலிக்காக் கரைசலில் கலக்க வேண்டும். அதன் அடர்த்தியை நீர் சேர்த்து 1.15 க்குக் கொண்டுவந்தால் விலங்குகள் மேலே மிதக்கும், கனிமத் துணிக்கைகள் கீழே போகும். வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கி இருந்தால் விரைவு, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். உப்பு நீர் பட்டால் லுடொக்ஸ் இறுகிக் களியாகிவிடும். மாதிரியை முன்னும் பின்னும் நன்னீரால் முழுமையாகக் கழுவுவது அதனால்தான். இந்த இடத்தில்தான் அதிக மாதிரிகள் நாசமாகின்றன.

எண்ணல். அடியில் கட்டம் கீறிய தட்டில் பரப்பி, 40 மடங்கு உருப்பெருக்கத்தில் வரிவரியாகப் பெரும் பிரிவுகளை எண்ணுங்கள். இனம் அறிய வேண்டுமானால் நெமற்றோடுகளில் 100 ஐ எடுத்துக் கிளிசரினுக்கு மாற்றி, எண்ணெய் வில்லையுடன் 1000 மடங்கில் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் பட்ட பெரிய புழுக்களைப் பொறுக்கினால் சிறிய இனங்கள் அட்டவணையில் வராது. குறித்த கட்டங்களில் இருப்பதை எல்லாம் எடுப்பதே முறை.

போமலினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. காஸ்ட்ரோட்ரிக், தட்டைப் புழு போன்ற மென்மையான உடல்கள் அதில் சுருங்கி உருத்தெரியாத குண்டாகிவிடும். அவற்றை உயிரோடு பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் நன்னீரில் 75 கிராம் நீரேறிய மக்னீசியம் குளோரைட்டைக் கரைத்து, அதில் மணலைப் பத்து நிமிடம் ஊறவைத்தால் விலங்குகள் மயங்கிப் பிடியை விடும். பிறகு வடித்து, கடல்நீருக்கு மாற்றிப் பாருங்கள். "மென்னுடலிகள் கிடைக்கவில்லை" என்று எழுதும் அறிக்கைகளில் எத்தனை அவற்றைப் போமலினிலேயே தேடின என்பது கேட்கவேண்டிய கேள்வி.

மாரியும் முகத்துவாரமும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றிலும் கடலோடு சேரும். மாரியில் வெள்ளம் வரும்போது உவர்த்தன்மை விழும். முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறினால், கச்சான் வீசும் வெயில் மாதங்களில் மறுபடி உயரும்.

கடல் இனங்களில் பல நன்னீரைத் தாங்கா, நன்னீர் இனங்களில் பல உப்பைத் தாங்கா. நடுத்தர உவரில் இரண்டு பக்கத்தாரும் குறைவதால் இன எண்ணிக்கை அடியில் நிற்கும் என்று போல்டிக் கடலை வைத்து அடொல்ப் றெமானே 1934 இல் காட்டினார். ஆனால் அந்த வரைபை அப்படியே நமது வாவிக்குக் கொண்டுவருவது சரியல்ல. போல்டிக்கில் ஓரிடத்தின் உவர் அதிகம் மாறுவதில்லை, இங்கே மாதத்துக்கு மாதம் மாறும். மாற்றத்தையே தாங்கும் சில இனங்கள் பெருகி, அடர்த்தி உயர்ந்தும் பல்வகைமை தாழ்ந்தும் இருக்கக்கூடிய இடம் இது. ஆகவே வாவியில் மாதிரி எடுத்த மாதமும் அந்த நேரத்து உவர் அளவும் இல்லாத அட்டவணையால் பயனில்லை.

"மாசு காட்டி" என்ற குறுக்குவழி

1981 இல் றபெல்லி, மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் சுலபமான ஒரு வழியை முன்வைத்தனர். நெமற்றோடு எண்ணிக்கையைக் கோப்பிபொட்டு எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம் கழிவு மாசைக் காட்டும் என்றனர். கழிவு அழுகும்போது ஒட்சிசன் குறையும், கோப்பிபொட்டு முதலில் விழும், விகிதம் ஏறும். காரணம் நியாயமானதுதான்.

சிக்கல் என்னவென்றால், சேற்றில் இந்த விகிதம் இயற்கையாகவே அதிகம். கல்லடி மணலையும் கண்டல் ஓரச் சேற்றையும் ஒப்பிட்டு, சேறு மாசடைந்துவிட்டது என்று முடிவுகட்டினால் மணியின் பருமனையே மாசு என்று சொன்னதாகும். ஒலுவில் துறைமுக வாயில் போலத் தூர்வாரும் இடங்களிலும் இதே ஆபத்து. மணல் மாறினால் கூட்டமும் மாறும். அது நஞ்சினால் வந்த மாற்றமாக இருக்கவேண்டியதில்லை. ஒரே மணிப்பருமன் உள்ள இரண்டு இடங்களை, ஒரே பருவத்தில் ஒப்பிட்டால் மட்டுமே விகிதத்துக்குப் பொருள் உண்டு.

மரபணுவால் எண்ணலாமா?

புழுக்களைப் பொறுக்காமல், மண்ணிலிருந்து மொத்த டிஎன்ஏயைப் பிரித்து, ஒரு குறித்த மரபணுத் துண்டை வாசித்து, இனங்களைப் பட்டியலிடும் முறை இப்போது பரவலாகிவிட்டது. உருவத்தால் பிரிக்க முடியாத இனங்களையும், போமலினில் சிதையும் மென்னுடலிகளையும் அது காட்டும். அதன் பலம் அது.

ஆனால் வாசிப்பு எண்ணிக்கை, அதாவது ஒரு துண்டு எத்தனை தடவை வாசிக்கப்பட்டது என்பது, விலங்கு எண்ணிக்கை அல்ல. பெரிய உடலில் கலங்கள் அதிகம், ஆகவே ஒரே ஒரு பெரிய புழு நூறு சிறிய புழுக்களைவிட அதிக வாசிப்புகளைத் தரக்கூடும். செத்த விலங்கின் டிஎன்ஏயும் சேற்றில் சில காலம் கிடக்கும். பெயரிடப்படாத இனம் என்றால் தரவுத்தளத்தில் பொருத்தம் இராது, வெறும் எண்ணாக நிற்கும். இந்தக் கரைகளின் மாதிரிகளில் அப்படிப்பட்ட வரிகள் நிறைய வரும் என்று எதிர்பார்த்தே வேலை தொடங்க வேண்டும்.

போமலின் டிஎன்ஏயைச் சிதைக்கும். இரண்டு முறையும் வேண்டுமானால் களத்திலேயே பிரித்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் எடுத்த குழாய்களில் ஒன்று போமலினுக்கு, மற்றது 95 சதவீத எதனோலுக்கு, எதனோலின் அளவு மண்ணைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. முதலாவதிலிருந்து அடர்த்தியும் பங்கீடும் கிடைக்கும், இரண்டாவதிலிருந்து இனப்பட்டியல் கிடைக்கும். அறிக்கையில் இரண்டையும் ஒரே நிரலில் கூட்டி எழுதாமல் வெவ்வேறு அட்டவணைகளாகக் கொடுங்கள்.